பொது இடங்களும் கட்டடக் கலை நிறுவனங்களும்

நகர வளர்ச்சித் திட்டங்களின் வெற்றி, கட்டி முடிக்கப்பட்ட வீடுகளின் எண்ணிக்கையைக் கொண்டே பெரும்பாலும் அளவிடப்படுகிறது. வீடுகளுக்கு இடையே உள்ள நிலம் இக்கணக்கில் இடம்பெறுவதில்லை. மனைக்கு விலை உண்டு. தெருமுனை மரநிழலுக்கு விலை இல்லை. ஆதலின் செலவைச் சுருக்க நேரும்போது முதலில் குறைக்கப்படுவது பொது இடமே. ஆயினும், ஓர் அறையில் வாழும் குடும்பத்திற்குத் திண்ணையும் முற்றமும் தெருவும் வீட்டின் பகுதிகளே ஆகும். இந்நிலத்தைத் திட்டத்தில் காப்பதற்குக் கட்டடக் கலை நிறுவனம் ஆற்றக்கூடிய பணியினை மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் நகரிலுள்ள ஆரண்யா குடியிருப்பு நன்கு விளக்குகிறது.

ஆரண்யா திட்டம்

1980-களில் இந்தூர் வளர்ச்சி ஆணையம் சுமார் 85 ஹெக்டேர் நிலத்தில் 6,500 குடியிருப்புகளுக்கு இடமளிக்கும் திட்டத்தை மேற்கொண்டது. கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி 1978-இல் அகமதாபாத்தில் நிறுவிய வாஸ்து சில்பா ஆய்வு நிறுவனம் இதனை வடிவமைத்தது. மனைகளில் ஏறத்தாழ 65 விழுக்காடு பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கப்பட்டது. மிகச் சிறிய மனையின் பரப்பு சுமார் 35 சதுர மீட்டர்.

வரைபடத்திற்கு முன்னர் ஆய்வு நடைபெற்றது. இந்தூரின் குடிசைப் பகுதிகளில் மக்கள் இடத்தை எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பது கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்துடன் இணைந்து பதிவு செய்யப்பட்டு, 1984-இல் வெளியிடப்பட்டது. வீட்டு வாயிலில் வேலை செய்வது, தெருவோரம் சிறு கடை வைப்பது, மரத்தடியில் கூடுவது ஆகியவை இடத்தேவைகளாகவே கொள்ளப்பட்டன.

அமைப்பும் செலவும்

குடியிருப்பு ஆறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. பத்து வீடுகள் ஒரு தொகுதியாகி, ஒரு தெருவை நோக்கி அமைந்தன. திறந்த வெளிகளும் நடைபாதைகளும் இத்தொகுதிகளை நடுவிலுள்ள கடைவீதியுடன் இணைத்தன. இருபது வீடுகளுக்கு ஒரு கழிவுநீர்த் தொட்டி என்ற ஏற்பாடு செலவைக் குறைத்தது. முழு வீட்டுக்குப் பதிலாக, கடைக்கால் மேடையும் கழிப்பறை முதலிய அடிப்படை வசதிகளும் வழங்கப்பட்டன. குடும்பங்கள் தம் வருவாய்க்கேற்ப எஞ்சியதைக் கட்டிக்கொண்டன. வழிகாட்டியாக 80 மாதிரி வீடுகளைத் தோஷி வடிவமைத்தார். வசதி படைத்தோருக்கான மனைகளும் வணிக மனைகளும் கூடுதல் விலைக்கு விற்கப்பட்டு, ஏழைகளின் மனைச்செலவு ஈடுசெய்யப்பட்டது. இத்திட்டம் 1995-இல் ஆகா கான் கட்டடக் கலை விருதைப் பெற்றது.

கட்டணமும் பொறுப்பும்

இத்தகைய பணி எல்லா இடங்களிலும் நிகழாமைக்கு ஒரு பொருளாதாரக் காரணம் உண்டு. கட்டடக் கலைஞரின் கட்டணத்தைக் கட்டுமானச் செலவின் விழுக்காடாகக் கணக்கிடும் முறை பரவலாக உள்ளது. இம்முறையில், கட்டாமல் விடப்படும் நிலம் நிறுவனத்திற்கு ஊதியம் தருவதில்லை. முன்னாய்வுக்கு உழைக்கும் நாட்களும் அவ்வாறே. எனவே முன்னாய்வுக்கும் பொது இட வடிவமைப்புக்கும் ஒப்பந்தத்தில் தனிக் கட்டணம் குறிப்பிடுதல் வேண்டும்.

கட்டுமானம் நிறைவடைந்ததும் நிறுவனத்தின் பணி பெரும்பாலும் முடிகிறது. பொது இடத்தின் வாழ்வோ அதன் பின்னரே தொடங்குகிறது. 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், பூங்கா, விளையாட்டுத் திடல் போன்ற வசதிகளை நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பணிகளுள் சேர்த்துள்ளது. ஆகவே, விளக்கு, வடிகால், துப்புரவு ஆகியவற்றின் ஆண்டுச் செலவு திட்ட மதிப்பீட்டிலேயே இடம்பெற்று, பொறுப்பேற்கும் அமைப்பும் முன்கூட்டியே முடிவு செய்யப்படல் அவசியம். இல்லையேல் காலியிடம் குப்பை மேடாகும்; அல்லது வலியவர் கையில் சேரும்.

ஒரு திட்டத்தை ஆராயும் அலுவலர், எத்தனை வீடுகள் என்று கேட்பதோடு, அவ்வீடுகளின் குழந்தைகள் விளையாடுவது எங்கே, முதியோர் அமர்வது எங்கே, அவ்விடத்தைப் பேணுவது யார் என்றும் கேட்பாராயின், விலையில்லா அந்நிலத்திற்குத் திட்டத்தில் உரிய இடம் கிடைக்கும்.