பிரெஞ்சு மொழியில் இறந்தகால வினா

பிரெஞ்சு மொழியில் இறந்தகால வினா என்பது, நடந்து முடிந்த ஒரு செயலைப் பற்றிக் கேட்பதற்கு அம்மொழியில் பயன்படும் வாக்கிய அமைப்பு ஆகும். பேச்சிலும் அன்றாட எழுத்திலும் இது பெரும்பாலும் 'பாசே கொம்போசே' எனப்படும் கூட்டு இறந்தகாலத்தில் அமைகிறது. "எப்போது பிரான்சுக்கு வந்தீர்கள்?", "எங்கே பிறந்தீர்கள்?", "மருந்து சாப்பிட்டீர்களா?" என அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் கேட்கப்படும் வினாக்கள் இவ்வமைப்பைச் சேர்ந்தவை. ஆகவே தேர்வு எழுதும் மாணவருக்கு மட்டுமன்றி, அந்நாட்டில் குடியேறுவோருக்கும் இது தொடக்கத்திலேயே தேவைப்படுகிறது.

இக்கட்டுரையில் பிரெஞ்சுச் சொற்களின் ஒலிப்பு தமிழ் எழுத்தில் தோராயமாகத் தரப்பட்டுள்ளது. 'நீ' எனப் பொருள்படும் 'து' என்ற சொல்லை, உதட்டை 'ஊ' சொல்வதுபோல் குவித்துக்கொண்டு 'தீ' என ஒலிக்கவேண்டும்.

தமிழ் வினாவும் பிரெஞ்சு வினாவும்

தமிழில் 'சாப்பிட்டாயா' என்ற ஒரே சொல்லில் வினை, காலம், இடம், வினா ஆகிய நான்கும் அடங்கியுள்ளன. இறுதியில் வரும் 'ஆ' என்ற வினா எழுத்தே கூற்றைக் கேள்வியாக்குகிறது. பிரெஞ்சில் இவை தனித்தனிச் சொற்களாகப் பிரிகின்றன. 'து ஆ மான்ஜே' (நீ சாப்பிட்டாய்) என்ற வாக்கியத்தில் 'து' எழுவாய், 'ஆ' துணைவினை, 'மான்ஜே' சாப்பிடுதலைக் குறிக்கும் எச்ச வடிவம். இங்குள்ள 'ஆ' தமிழின் வினா எழுத்து அன்று. அது 'அவ்வார்' என்ற துணைவினையின் முன்னிலை வடிவம்.

வினா அமைப்பின் அடிப்படை விதி ஒன்றே. கேள்விக்காக இடம் மாறுவது துணைவினை மட்டுமே. எச்ச வடிவம் பின்னால் அசையாமல் நிற்கும். கீழே வரும் விதிகளுள் பெரும்பாலானவை இதிலிருந்தே பிறக்கின்றன.

துணைவினையைத் தேர்ந்தெடுத்தல்

பெரும்பாலான வினைகள் 'அவ்வார்' (உடைமையைக் குறிப்பது) என்ற துணைவினையை ஏற்கும். சில வினைகள் 'எத்ர்' (இருத்தலைக் குறிப்பது) என்ற துணைவினையை ஏற்கும். போதல், வருதல், வந்துசேர்தல், புறப்படுதல், நுழைதல், வெளியேறுதல், விழுதல், தங்குதல், பிறத்தல், இறத்தல் ஆகியவை இவ்வகையின. தன்னையே செயப்படுபொருளாகக் கொள்ளும் வினைகளும் இவ்வகையே.

துணைவினை தவறினால் பொருளே மாறிவிடக்கூடும். 'ஆ-து மான்ஜே?' என்றால் 'சாப்பிட்டாயா?'. 'எ-து மான்ஜே?' என்றாலோ 'நீ உண்ணப்பட்டாயா?' என்று பொருள்படும்.

ஆம், இல்லை வினாக்கள்

விடையாக ஆம் அல்லது இல்லை என்பதை எதிர்பார்க்கும் வினாவை மூன்று வழிகளில் அமைக்கலாம்.

1. குரல் ஏற்றம்: 'து ஆ மான்ஜே?' சொல் வரிசை மாறாது. இறுதியில் குரல் உயரும். நண்பர்களிடையிலும் வீட்டிலும் இதுவே மிகுதியாக வழங்குகிறது. குரல் உயராவிட்டால் கேட்பவருக்கு இது வெறும் கூற்றாகவே ஒலிக்கும்.

2. 'எஸ்-க' சேர்த்தல்: 'எஸ்-க து ஆ மான்ஜே?' கூற்றின் முன்னே 'எஸ்-க' சேர்ந்தால் போதும், மற்றவை மாறா. பேச்சு, எழுத்து இரண்டுக்கும் இது பொருந்துவதால், தொடக்கநிலை மாணவர் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம்.

3. இடமாற்றம்: 'ஆ-து மான்ஜே?' எழுவாயும் துணைவினையும் இடம் மாறுகின்றன. கடிதம், செய்தி, நேர்காணல் போன்ற முறையான சூழல்களுக்கு உரியது.

மரியாதைக்கும் பன்மைக்கும் தமிழின் 'நீங்கள்' போலவே பிரெஞ்சில் 'வூ' என்ற ஒரே சொல் வருகிறது. 'அவே-வூ மான்ஜே?' என்றால் 'சாப்பிட்டீர்களா?'. அறிமுகமில்லாத பெரியவரிடம் 'து' என்று கேட்பது மரியாதைக் குறைவாகும்.

இடமாற்றத்தில் கவனிக்க வேண்டியவை

'அவன்', 'அவள்' என்பவற்றுக்குரிய 'இல்', 'எல்' ஆகியவை 'ஆ' என்ற துணைவினைக்குப் பின் வரும்போது, இரண்டு உயிரொலிகள் மோதாமல் இருக்க நடுவே ஒரு 'த்' தோன்றும்: 'ஆ-த்-எல் மான்ஜே?' (அவள் சாப்பிட்டாளா?). தமிழில் உடம்படுமெய் செய்யும் பணியை இது செய்கிறது.

எழுவாய் பெயர்ச்சொல்லாக இருந்தால் அது துணைவினையோடு நேரடியாக இடம் மாறாது. பெயர் முன்னே நிற்க, அதற்குரிய மூவிடப்பெயர் துணைவினைக்குப் பின் வரும்: 'மரீ ஆ-த்-எல் மான்ஜே?' (மரீ சாப்பிட்டாளா?).

'எஸ்-க' என்பதையும் இடமாற்றத்தையும் ஒரே வினாவில் சேர்ப்பது மாணவர் அடிக்கடி செய்யும் பிழை. இவற்றுள் ஒன்றே போதுமானது.

வினாச்சொற்கள்

ஊ (எங்கே), கான் (எப்போது), கொமான் (எப்படி), பூர்க்குவா (ஏன்), கீ (யார்) ஆகியவை முதன்மையான வினாச்சொற்கள். 'எங்கே போனாய்?' என்பதை மூன்று வகையாகவும் கேட்கலாம்:

- து எ அலே ஊ? (பேச்சு வழக்கு)
- ஊ எஸ்-க து எ அலே? (பொது வழக்கு)
- ஊ எ-து அலே? (முறையான வழக்கு)

'யார்' என்ற வினாவில் கூடுதல் கவனம் தேவை. தமிழில் 'யார்', 'யாரை' என்று வேற்றுமை உருபே பொருளைக் காட்டிவிடும். பிரெஞ்சில் இரண்டுக்கும் 'கீ' என்ற ஒரே சொல்தான். சொல் வரிசையே பொருளைத் தீர்மானிக்கிறது. 'கீ ஆ-து வு?' என்றால் 'யாரைப் பார்த்தாய்?'. 'கீ தா வு?' என்றால் 'யார் உன்னைப் பார்த்தார்?'. 'கீ' எழுவாயாக வரும்போது இடமாற்றம் நிகழாது.

'என்ன செய்தாய்?' என்பது 'கெஸ்-க து ஆ ஃபெ?' என்றும், 'என்ன நடந்தது?' என்பது 'கெஸ்-கி செ பாசே?' என்றும் வரும். இவற்றை முழுத் தொடர்களாகவே மனப்பாடம் செய்துகொள்வது எளிது.

எதிர்மறை வினா

எதிர்மறைச் சொற்கள் துணைவினையின் இரு புறமும் அமைகின்றன: 'து நா பா மான்ஜே?' (நீ சாப்பிடவில்லையா?). இடமாற்றத்தில் இது 'நா-து பா மான்ஜே?' என்றாகும். இங்கும் எச்ச வடிவம் இறுதியிலேயே நிற்கிறது.

இதற்கு 'சாப்பிட்டேன்' என மறுத்து விடையளிக்கும்போது, வழக்கமான 'உய்' (ஆம்) பயன்படாது. 'சி' என்று சொல்லவேண்டும். சாப்பிடவில்லை என்றால் 'நோன்' (இல்லை) என்பது விடை.

எச்ச வடிவத்தின் இயைபு

'எத்ர்' துணைவினையுடன் வரும் எச்சம் பொதுவாக எழுவாயின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப எழுத்தில் மாறும். பெரும்பாலும் ஒலிப்பில் வேறுபாடு தெரியாது. 'அவ்வார்' துணைவினையுடன் வரும்போது, செயப்படுபொருள் வினைக்கு முன்னே வந்தால் மட்டுமே எச்சம் அதனோடு இயையும். 'எந்த' என்று தொடங்கும் வினாக்களில் இது அடிக்கடி நேரும். 'கெல் ரோப் ஆ-து மீஸ்?' (எந்த உடையை அணிந்தாய்?) என்பதில் 'ரோப்' பெண்பாற்சொல் ஆதலால், 'மீ' என்ற எச்சம் 'மீஸ்' என ஒலிக்கிறது.

தொடர் இறந்தகாலத்தில் வினா

பின்னணிச் செயலையோ வழக்கத்தையோ கேட்க 'அம்பார்ஃபெ' எனப்படும் இறந்தகாலம் பயன்படுகிறது. இதில் துணைவினை இல்லாததால் வினையே இடம் மாறும். 'கா-து ஃபெ?' என்றால் 'என்ன செய்தாய்?'. 'க ஃபெஸெ-து?' என்றால் 'என்ன செய்துகொண்டிருந்தாய்?'. விபத்து ஒன்றைப் பற்றி விசாரிக்கும்போது இவ்விரண்டுக்கும் தரவேண்டிய விடைகள் வெவ்வேறு. முன்னது நிகழ்ந்தபின் செய்ததைக் கேட்கலாம். பின்னது நிகழ்ந்த நேரத்தில் இருந்த நிலையைக் கேட்கிறது.

கியூபெக் வழக்கு

கனடாவின் கியூபெக் மாநிலப் பேச்சுவழக்கில், துணைவினைக்குப் பின் 'து' என்ற வினா இடைச்சொல் சேர்கிறது: 'இல் ஆ-து மான்ஜே?' (அவன் சாப்பிட்டானா?). இங்கே 'து' என்பதற்கு 'நீ' என்ற பொருள் இல்லை. எந்த இடத்துக்கும் மாறாமல் வந்து கூற்றைக் கேள்வியாக்கும் இச்சொல், தமிழின் 'ஆ' போன்றே செயல்படுகிறது. இது பேச்சுக்கே உரியது. தேர்விலும் முறையான எழுத்திலும் ஏற்கப்படுவதில்லை.