கரன்ட் கட்... இன்சுலினும் ஆக்சிஜன் மெஷினும் என்ன ஆகும்?

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது கஜா புயல். மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. டெல்டாவின் பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரன்ட் வரவில்லை. வாடகை ஜெனரேட்டரை வைத்துத்தான் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றினார்கள்.

இப்படியான நாள்களில் சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் எழும் முதல் பதற்றம், 'ஃப்ரிட்ஜில் இருக்கிற இன்சுலின் கெட்டுப்போயிடுமே' என்பதுதான். சிலர் அதை ஐஸ் கட்டிகளுக்குள் புதைத்து வைப்பார்கள். சிலர் மறுநாளே தூக்கிப் போட்டுவிட்டு, ஊசியே போடாமல் இருப்பார்கள். இரண்டும் ஆபத்து.

இன்சுலின் அவ்வளவு சீக்கிரம் கெடாது. 2 முதல் 8 டிகிரி குளிர் என்பது, பிரிக்காத மருந்தை மாதக்கணக்கில் இருப்பு வைப்பதற்கு. வெளியே எடுத்துவிட்டால், பெரும்பாலான வகைகளை 25 முதல் 30 டிகிரி வரையுள்ள அறையில் ஏறக்குறைய நான்கு வாரம் வைத்துப் பயன்படுத்தலாம். வகைக்கு வகை இது மாறும். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் போட்டிருப்பார்கள். வெளியே எடுத்த தேதியை பாட்டில் மேலேயே எழுதிவிடுங்கள்.

ஆனால், ஒருமுறை உறைந்துபோன இன்சுலின் உருகினாலும் உதவாது. 30/70 வகை இயல்பாகவே பால் போலத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உள்ளங்கையில் உருட்டிய பிறகும் கட்டி கட்டியாக நின்றால் போடக் கூடாது. தெளிவாக இருக்க வேண்டிய வகை கலங்கியிருந்தாலும் அப்படித்தான்.

சொல்லப்போனால், புயல் வரும் ஐப்பசி, கார்த்திகையில் வீடே குளிர்ந்துதான் கிடக்கும். இன்சுலினுக்கு உண்மையான சோதனை சித்திரை வெயிலில்தான். மாதாந்திரப் பராமரிப்புக்காக காலை 9 மணிக்கு நிறுத்தும் கரன்ட் மாலைதான் வரும் என்றால், ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தாலே சுமார் 4 மணி நேரம் குளிர் நிற்கும். அதற்குமேல் போனால் பாட்டி காலத்து வழி: பெரிய மண்சட்டியில் ஈர மணல், அதன் நடுவில் சின்ன மண்பானை, மேலே ஈரத்துணி. இன்சுலினை ஈரம் படாத டப்பாவில் போட்டுப் பானைக்குள் வைத்துவிடலாம். காற்று காய்ந்திருந்தால் நன்றாகக் குளிரும். மழைக்காலப் புழுக்கத்தில் அவ்வளவு பலன் தராது.

மணிக்கணக்கு பாருங்கள்

இன்சுலினுக்கு நாள்கணக்கு, ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டருக்கோ நிமிடக்கணக்கு. '5 லிட்டர்' மெஷின் ஏறக்குறைய 350 வாட் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் 150 ஏ.ஹெச் பேட்டரி ஒன்று இருந்தால், அது புதிதாக இருந்து, ஃபேன்கூடப் போடாமல் விட்டால், மூன்று, மூன்றரை மணி நேரம் தாங்கலாம். பழைய பேட்டரியென்றால் பாதியிலேயே கைவிட்டுவிடும்.

அதனால் சிலிண்டர் ஒன்று கையிருப்பில் இருந்தே ஆக வேண்டும். 1,500 லிட்டர் கொள்ளும் பி-டைப் சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் போனால் சுமார் 12 மணி நேரம் வரும். புயல் எச்சரிக்கை வந்த அன்றே வாங்கி மேலே ஏற்றிவிடுங்கள். தெருவில் தண்ணீர் நின்று, அப்பார்ட்மென்ட்டில் லிஃப்ட்டும் நின்ற பிறகு, நான்காவது மாடிக்கு யார் சுமப்பது? மூச்சு வாங்குகிறதே என்று டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் நீங்களாகக் கூட்டாதீர்கள். நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள் சிலருக்கு அதுவே கெடுதல். 108-ஐ அழையுங்கள்.

கரன்ட் போனதும் கை தானாக மெழுகுவத்தியைத் தேடும். ஆக்சிஜன் ஓடும் அறையில் மெழுகுவத்தி, விளக்கு, கொசுவத்திச் சுருள் எதுவும் வேண்டாம். டார்ச் போதும். ஜெனரேட்டர் இருந்தால் அது வீட்டுக்கு வெளியே, ஜன்னலிலிருந்து தள்ளித்தான் ஓட வேண்டும். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

படுக்கையில் இருப்பவரின் ஏர் பெட், கரன்ட் போனால் காற்று இறங்கிவிடும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வையுங்கள். நெபுலைசருக்குப் பதிலாக ஸ்பேசருடன் இன்ஹேலர் போதுமா என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு வைக்கலாம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், புயலுக்கு முன்பே முறையை மாற்றித் தருவார்களா என்று மருத்துவமனையில் விசாரிக்கலாம். மருந்துச்சீட்டு செல்போனில் மட்டும் இருந்தால், சார்ஜ் தீர்ந்ததும் அதுவும் போச்சு. தாளில் ஒரு நகல் இருக்கட்டும்.

மின்தடையைத் தெரிவிக்க மின்னகத்தின் எண் 94987 94987. நோயாளி மெஷினில் இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சிலிண்டர் இருந்தும் அதைத் திறக்கும் சாவியைத் தேடி அலையும் வீடுகள் உண்டு. ஒரு கயிற்றில் கோத்து, சிலிண்டரின் கழுத்திலேயே கட்டிவிடுங்கள். ரெகுலேட்டரை மாட்டி ஒருமுறை திறந்து பார்த்தும் விடுங்கள், பகல் வெளிச்சத்திலேயே.