அதே பாறை, அதே ஆறு, மணல் எங்கே?

"அமெரிக்கால என்னதாம்ப்பா படிக்கிற?"ன்னு அம்மா போன்ல கேட்டாங்க. "ஆத்தோட பழைய போட்டோவையும் புது போட்டோவையும் பக்கத்துல வச்சுப் பாக்குறேம்மா"ன்னேன். "இதுக்கா கடன் வாங்கி பிளைட் ஏறுன?"ன்னு சிரிக்கிறாங்க :-)

கதை இதுதான் மக்களே. 1889-90ல் ராபர்ட் ஸ்டான்டன் என்ற பொறியாளர், கிராண்ட் கேன்யனுக்குள் கொலராடோ ஆத்தோரமா ரயில் விடலாமான்னு சர்வே பண்ணப் போனார். கம்பெனித் தலைவர் ஆத்தில் மூழ்கி இறந்தார். போட்டோகிராபர் விழுந்து காலை உடைச்சுக்கிட்டார். அப்புறம் ஸ்டான்டனே கேமராவைத் தூக்கினார். ரயில் வரலை, படங்கள் மிஞ்சிச்சு. நூறு வருஷம் கழிச்சு ராபர்ட் வெப் என்ற விஞ்ஞானி குழுவோடு போய், அதே இடங்களில் நின்னு திரும்ப எடுத்தார்.

அதே இடம்னு எப்படித் தெரியும்? கிட்ட இருக்கிற பாறை, தூரத்து மலைமுகட்டுக்கு நேரா எங்க வருதுன்னு பாக்கணும். ரெண்டடி தள்ளி நின்னாலும் பாறை நகர்ந்துடும். பழைய படத்தில் இருந்த சில பாலைவனச் செடிகள் புதுப் படத்திலும் உயிரோட நிக்குது!

முதல் ஜோடியில், அன்னைக்கு வெறுங்கரை, இன்னைக்குப் புதர். "ஆறு செழிப்பாயிடுச்சு"ன்னு எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் ஒண்ணே ஒண்ணு கேட்டார்: "மணல் எங்கே?"

அப்பதான் உறைச்சது. 1963ல் கிளென் கேன்யன் அணை மூடினதும் வண்டல் அங்கேயே தங்கிடுச்சு. கரையைத் துடைச்சுப் போட்ட வெள்ளம் நின்னதால் செடி வேர்விட்டுச்சு. இருந்த மணல்திட்டும் கரையுது. 1996ல் ஏழு நாள் அணையைத் திறந்து செயற்கை வெள்ளம் விட்டதே, ஆத்தடி மணலைக் கரையேத்தத்தான்.

அந்தப் பச்சையில் பெரும்பங்கு டாமரிஸ்க், வெளிநாட்டுப் புதர். இலை தின்ன 2001ல் ஒரு வண்டை விட்டாங்க. ஆனா அழிவின் விளிம்பில் இருக்கிற ஒரு சின்னப் பறவை அதே புதரில்தான் கூடு கட்டுது! 2010ல் அரசு வண்டு விடுறதை நிறுத்திச்சு. விட்ட வண்டோ பரவிக்கிட்டே போச்சு.

நல்லதா கெட்டதான்னு ஒத்தை வரியில் எழுத இப்ப கை வரமாட்டேங்குது. அறிக்கையைத் திருத்திக்கிட்டிருக்கேன்.

உங்க வீட்டு ஆல்பத்தில் ஊர் ஆறு தெரியுற படம் இருந்தா, எங்க நின்னு, எந்த வருஷம் எடுத்ததுன்னு பின்னாடி எழுதி வைங்க. நானும் அம்மாவைத் தேடச் சொல்லியிருக்கேன்.