தாடை வலிக்குப் பல்லை ராவ வேண்டாம்

துபாயின் தேராவிலோ கராமாவிலோ பெட் ஸ்பேஸ் (அறையில் ஒரு கட்டில் மட்டும்) வாடகைக்கு எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு ரகசியம் என்று பெரிதாக ஒன்றும் இருக்க முடியாது. யார் குறட்டை விடுகிறார், யார் வீட்டில் பணப் பிரச்சினை, எல்லாம் அறைக்கே தெரியும். ராத்திரியில் யார் நறநறவென்று பல்லைக் கடிக்கிறார் என்பதும் அப்படித்தான். கடிக்கிறவருக்குத் தெரியாது; மேல் கட்டிலில் இருப்பவருக்குத் தூக்கம் போகும். "வயித்துல பூச்சி இருக்கும்ணே, மாத்திரை போடுங்க" என்று காலையில் அவர் சொல்வார். பெரியவர்கள் பல்லைக் கடிப்பதற்குப் பூச்சிதான் காரணம் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனாலும் அந்த அறைத்தோழரின் சாட்சி மருத்துவருக்கு மிகவும் வேண்டியது. வீட்டு வேலைக்குப் போய்த் தனியறையில் படுக்கும் பெண்களுக்கு அதைச் சொல்லவும் ஆள் இல்லை.

கொஞ்ச நாளில் காலையில் எழுந்ததும் தாடை இறுகியிருக்கும். நெற்றிப்பொட்டில் வலி வரும். குப்பூஸைப் பிய்த்து மெல்லும்போது காதுக்குப் பக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். காது வலிதான் என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போவார்கள். காதில் ஒன்றும் இருக்காது. பிறகு யாராவது பல் மருத்துவர் தேய்ந்த பற்களைக் காட்டி, ராத்திரி கடித்துக் கடித்தே தாடை மூட்டு கெட்டுவிட்டது என்பார். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆராய்ச்சிகள் அவ்வளவு நேராகச் சொல்லவில்லை. இந்த இடத்தில் ஏற்படும் தவறான புரிதலுக்குத்தான் வளைகுடாத் தமிழர்கள் பலர் ஆயுளுக்கும் விலை கொடுக்கிறார்கள்.

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்தால் மூட்டு அசைவது தெரியும். அது கதவுக் கீல் மாதிரி சுழல்வதோடு நிற்பதில்லை. வாய் அகலத் திறக்கும்போது முன்னோக்கி வழுக்கியும் நகர்கிறது. எலும்புகளுக்கு நடுவே ஒரு மெல்லிய வட்டு இருக்கிறது. வட்டு இடம் மாறித் திரும்பி வரும்போதுதான் அந்த 'டக்' சத்தம். வலி இல்லாமல் சத்தம் மட்டும் இருந்தால் வைத்தியம் எதுவும் தேவையில்லை. தாடை வலி என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு வலிப்பது மூட்டுகூட அல்ல, கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் இருக்கும் மெல்லும் தசைகள்.

2012-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. தாடைத் தசை வலி உள்ள 124 பெண்களையும் வலி இல்லாத 46 பெண்களையும் தூக்க ஆய்வகத்தில் படுக்கவைத்துத் தசையின் மின்னசைவைப் பதிவு செய்தார்கள். தூக்கத்தில் பல்லைக் கடித்தவர்கள் வலி உள்ளவர்களில் 9.7 சதவீதம், வலி இல்லாதவர்களில் 10.9 சதவீதம். வித்தியாசமே இல்லை. "நீங்கள் பல்லைக் கடிப்பீர்களா?" என்று கேள்வித்தாளில் கேட்ட ஆய்வுகளில்தான் வலிக்கும் கடிப்புக்கும் நெருக்கமான தொடர்பு தெரிகிறது; கருவி வைத்து அளந்தால் அது தேய்ந்துபோகிறது. ஆனால் அதே ஆய்வுக் குழு அடுத்த ஆண்டு இன்னொன்றைக் காட்டியது: வலி உள்ள பெண்களுக்குக் கடிக்காத நேரத்திலும் தாடைத் தசை முழுதாகத் தளரவில்லை. என் கணிப்பில், மொத்த விஷயத்திலும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நறநறவென்ற சத்தத்தைவிட, சத்தமே இல்லாத இறுக்கம்தான் வலிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

பகலில் இறுக்குவதும் உண்டு. சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொட வேண்டிய அவசியமே இல்லை. ஷேக் சாயித் ரோட்டில் நெரிசலில் வண்டி ஓட்டுகிறவர், கணக்குப் பார்க்கிறவர், ஃபோர்மேனின் ஏச்சைக் கேட்டுப் பேசாமல் நிற்கிறவர் எல்லாம் மணிக்கணக்காகப் பல்லைச் சேர்த்து வைத்திருப்பார்கள். கேட்டால் இல்லை என்பார்கள். 2018-இல் பன்னாட்டு நிபுணர்கள் கூடி, ஆரோக்கியமான ஒருவர் பல்லைக் கடிப்பதை நோயாகக் கருத வேண்டாம், அது ஒரு தசைச் செயல், சிலருக்கு மட்டும் பாதிப்பின் வாய்ப்பைக் கூட்டலாம் என்று முடிவு சொன்னார்கள். பெரும்பாலும் தூக்கம் லேசாகக் கலையும் கணங்களில்தான் தாடை அசைகிறது. புகை, மது, அதிகமான காப்பி, டீ, மனக்கவலை, மனச்சோர்வுக்கான ஃப்ளுவாக்ஸடின், செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் இதைக் கூட்டலாம். (மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது, எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.)

இந்தக் காரணங்களில் பலவற்றை வளைகுடா ஒரே அறைக்குள் கூட்டி வைத்திருக்கிறது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30-இலிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. நல்ல சட்டம். அதனால் பல சைட்டுகளில் விடிவதற்குள் வேலை தொடங்கிவிடுகிறது. துபாயின் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் அலாரம் அதற்கும் முன்னால் அடிக்கிறது. ஓர் அறையில் நாலு ஷிப்ட் என்றால் நாலு அலாரம். தூக்கத்தை விரட்ட இடையிடையே கரக் சாய். ஊரில் வாங்கிய வட்டிக் கடன் வேறு தலைமாட்டில். இவர்களிடம் போய் "டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லி அனுப்பும் மருத்துவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

2025 ஜனவரி 1 முதல் ஷார்ஜா, அஜ்மான் உள்ளிட்ட வட அமீரகங்களிலும் தனியார் துறை ஊழியர்களுக்கும் வீட்டுப் பணியாளர்களுக்கும் மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆனால் அடிப்படைக் காப்பீடு பல் விஷயத்தில் அவசரத் தேவையைத் தாண்டிப் பெரும்பாலும் போகாது. எனவே பல் என்றாலே லீவுக்கு ஊருக்குப் போகும்போதுதான். கையில் கொஞ்சம் பணம், முப்பது நாள் அவகாசம், வலி சீக்கிரம் போக வேண்டும். கடி சரியில்லை என்று நல்ல பல்லை ராவிச் சமன் செய்வதும், வரிசையாகக் கேப் போடுவதும் இந்த அவசரத்தில்தான் நடக்கிறது. ராவிய பல் திரும்ப வளராது. தாடை வலியை இது போக்கும் என்பதற்கு நல்ல சான்றும் இல்லை. அமெரிக்காவில் 1980-களில் தாடை மூட்டின் பழுதான வட்டுக்குப் பதிலாக டெஃப்லான் பூசிய செயற்கை வட்டுகளை ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பொருத்தினார்கள். அவை உள்ளேயே சிதைந்து எலும்பையும் அரித்தன. 1990-களின் தொடக்கத்தில் திரும்பப் பெறப்பட்டன. திருப்ப முடியாத வைத்தியத்தில் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் தாடை வலிக்கு, 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பன்னாட்டுக் குழு ஒன்று தந்த பரிந்துரை எளிமையானது: தாடைப் பயிற்சி, பிசியோதெரபிஸ்ட் கையால் தரும் சிகிச்சை, கழுத்து-தோள் நிலைக்கான பயிற்சி, மனத்தைப் பழக்கும் பேச்சு சிகிச்சை. ராத்திரி பல்லில் மாட்டிக்கொள்ளும் நைட் கார்டைக்கூட வலிக்கான வைத்தியமாக அந்தக் குழு முன்னிறுத்தவில்லை. அது பல் தேயாமல் காக்கும், கடிப்பதை நிறுத்தாது. அறையில் செய்துகொள்ளக் கூடியது இது: உதடு மூடியிருக்கட்டும், பல் விலகியிருக்கட்டும், நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் மெதுவாகத் தொடட்டும். டிரைவராக இருந்தால் ஒவ்வொரு சிக்னலிலும் பல்லைப் பாருங்கள். வலிக்கிற நாட்களில் மென்மையான சாப்பாடு, சூயிங்கம் வேண்டாம், கன்னத்துக்கு வெந்நீர்த் துணி ஒத்தடம்.

எல்லாத் தாடை வலியும் இது அல்ல. நடக்கும்போதோ சுமை தூக்கும்போதோ தாடை வலித்து, வியர்த்து, நெஞ்சு இறுகினால் அது மாரடைப்பாக இருக்கலாம். அமீரகத்தில் 998, சவூதியில் 997-ஐ உடனே அழைக்க வேண்டும். மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் விட முடியாதபடி வாய் சுருங்கிவிட்டது, பாக்கோ குட்காவோ போடும் பழக்கமும் உண்டு என்றால், வாயின் உள்தோல் இறுகும் நோயா என்று பார்க்க வேண்டும். அது புற்றுநோய்க்கு வழிவிடக் கூடியது. பலமாகக் குறட்டை விட்டு மூச்சுத் திணறி எழுபவருக்கு முதலில் தூக்கப் பரிசோதனை.

ஷார்ஜா, அஜ்மான் பல்கலைக்கழகங்களின் பல் மருத்துவப் பிரிவுகளில் பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் வைத்தியம் பார்க்கிறார்கள். இப்படிப்பட்ட இடங்களில் கட்டணம் பொதுவாகத் தனியார் கிளினிக்கைவிடக் குறைவு. ஊரில் என்றால் 1953-இல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2023 முதல் புதுக்கோட்டையிலும் ஒன்று. நைட் கார்டு செய்துகொள்வதாக இருந்தால் லீவின் முதல் வாரத்திலேயே அளவு கொடுத்துவிடுங்கள். போட்டுத் தூங்கிப் பார்த்து, உறுத்தும் இடத்தைச் சரிசெய்ய மறுபடி ஓரிரு முறை போக வேண்டியிருக்கும். விமானம் ஏறும் நாளில் வாங்கிய கார்டைச் சரிசெய்ய இங்கே வளைகுடாவில் ஆள் தேடி அலைய வேண்டும்.