இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே

பழைய காரின் மட்கார்டுகளைக் கழற்றி வீசிவிட்டு, எடையைக் குறைத்து, பெரிய இன்ஜினை இறக்கி ஓட்டுவதற்கு அமெரிக்காவில் 'ஹாட் ராட்' என்று பெயர். கூரையில்லாத இரண்டு இருக்கை வண்டியானால் அது ரோட்ஸ்டர். ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி மாடல் டி கார்களைச் செய்து தள்ளியது. சில வருடங்களில் அவை காயலான் கடைக்கு வந்து குவிந்தன. 1932-ல் அதே நிறுவனம் 65 குதிரைத்திறன் கொண்ட வி-8 இன்ஜினைச் சாமானியர் வாங்கும் காரிலேயே வைத்தது. மலிவான பழைய வண்டி, வலுவான இன்ஜின் இரண்டும் கைக்கு எட்டியதும், கலிஃபோர்னியாவின் மூரோக் வறண்ட ஏரிப்படுகையில் இளைஞர்கள் வேகத்தை அளந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த வண்டிகளின் புகைப்படங்களில் பளபளக்கும் இன்ஜின்தான் கண்ணில் படும். என்னைக் கேட்டால், செய்தவரின் கைத்திறன் அதற்குப் பின்னால், தரைக்கு அருகே இருட்டில் கிடக்கிறது. இன்ஜினைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அதன் சுழற்சியைச் சக்கரம்வரை கொண்டுபோகிற பாகங்களை அந்த வண்டிக்கென்றே செய்தாக வேண்டும். ஒரு கம்பெனி இன்ஜினும் இன்னொரு கம்பெனி கியர்பாக்ஸும் பிறவியிலேயே பொருந்தாதவை.

முதல் சிக்கல் போல்ட் துளைகள். இரண்டுக்கும் இடையில் ஒரு தடித்த தகடு வைத்து, ஒரு பக்கம் இன்ஜினின் துளைகளையும் மறுபக்கம் கியர்பாக்ஸின் துளைகளையும் போட வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கியர்பாக்ஸிலிருந்து நீளும் ஷாஃப்டின் நுனி, கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் இருக்கும் சிறிய புஷ்ஷுக்குள் உட்கார வேண்டும். இரண்டின் மையமும் ஒரே கோட்டில் இல்லையென்றால் புஷ் தேயும், கிளட்ச் உதறும், போட்ட கியர் தானாகக் கழன்றுகொள்ளும். டயல் கேஜை வைத்து ஒரு முழுச் சுற்று சுற்றினால் முள் 0.12 மில்லிமீட்டருக்கு மேல் ஆடக்கூடாது என்பது பொதுவான கணக்கு.

இந்த நுணுக்கம் எங்கோ அமெரிக்காவில் மட்டும் இருப்பதில்லை. தமிழ்நாட்டின் வேங்கிக்காலில் வேலூர் சாலைப் பக்கம் டிராக்டர் வேலை பார்க்கும் லேத் பட்டறையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தேய்ந்த ஷாஃப்டை வெல்டிங் வைத்து நிரப்பி, நான்கு தாடை சக்கில் பிடித்து, டயல் கேஜை மேலே தொடவைத்து, சக்கைக் கையாலேயே மெதுவாகச் சுற்றுவார் டர்னர். முள் ஏறுகிற இடத்தில் நிறுத்துவார். எதிர்த் தாடையை ஒரு நூல் தளர்த்தி, இந்தத் தாடையை இறுக்குவார். மறுபடி சுற்றுவார். முள் அசையாமல் நிற்கும்வரை மோட்டாரைப் போடமாட்டார். ஹாட் ராட் கட்டுகிறவருக்கு வேண்டிய முதல் பொறுமை அதுதான்.

அடுத்தது பின் அச்சு. பழைய ஃபோர்டில் புரொப்பல்லர் ஷாஃப்ட் வெளியே தெரியாது. தடித்த குழாய்க்குள் ஓடும். அந்தக் குழாய் உறை மட்டுமல்ல. மாட்டு வண்டியில் காளையின் இழுவை ஏர்க்கால் வழியாக வண்டிக்கு வருகிறதல்லவா, அதுபோலப் பின்சக்கரம் தரையை உதைக்கும் தள்ளுவிசை முழுதும் இந்தக் குழாய் வழியாகத்தான் சட்டத்துக்கு வந்து சேரும். புது கியர்பாக்ஸ் மாட்டுகிறவர் குழாயை எடுத்துவிட்டுச் சாதாரண ஷாஃப்டைப் போட்டால் வண்டி நகரும்போதே ஆபத்து. ஃபோர்டின் ஸ்பிரிங் பட்டை குறுக்காகக் கிடப்பது. அச்சு தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு சுழலப் பார்ப்பதை அதனால் தடுக்க முடியாது. அதனால் அச்சிலிருந்து சட்டத்துக்கு இரண்டு கைகளைத் தனியே செய்து பொருத்த வேண்டும். நம் அம்பாசடரில் ஸ்பிரிங் பட்டைகள் நீளவாக்கில் இருப்பதால் அந்த வேலையை அவையே பார்த்துக்கொண்டன.

டிஃபரன்ஷியலில் கிரவுன்–பினியன் பல் கணக்கை மாற்றினால் வண்டியின் குணமே மாறும். டாப் கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றுகிறது, டயரின் சுற்றளவு 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 4-க்கு 1 என்றால் வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர். 3.5-க்கு 1 என்றால் 137. வேகம் கூடும், இழுவை குறையும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்கரான டெட் ஹாலிபிராண்ட் விற்ற பின் அச்சுகளில், பின்மூடியைத் திறந்து இரண்டு பல்சக்கரங்களை மாற்றினாலே புது விகிதம் கிடைத்தது.

உடைவது பெரும்பாலும் கடைசிக் கம்பிதான், அதாவது சக்கரத்தைச் சுற்றும் ஆக்சில் ஷாஃப்ட். இன்ஜின் தரும் முறுக்குவிசை 10 கிலோகிராம்-மீட்டர் என்றால், முதல் கியரில் 4 மடங்கு, டிஃபரன்ஷியலில் இன்னொரு 4 மடங்கு பெருகி 160 ஆகிவிடும். ஆளுக்குப் பாதி என்று 80-ஐ ஒவ்வொரு ஷாஃப்டும் தாங்க வேண்டும். விட்டத்தைக் கொஞ்சம் கூட்டினால் பலம் எக்கச்சக்கமாகக் கூடும்: 25 மில்லிமீட்டரை 30 ஆக்கினால் சுமார் 1.7 மடங்கு. இ.என். 24 போன்ற உருக்கில் கடைந்து, வெப்பமூட்டிப் பதப்படுத்துவார்கள். விட்டம் மாறும் இடத்தைச் செங்குத்தாக வெட்டாமல் வளைவாக விடுவது முக்கியம். கூர்மையான மூலையில்தான் விரிசல் பிறக்கும்.

தமிழ்நாட்டில் இந்தக் கலை சோழவரத்தில் வளர்ந்தது. இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் அது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க வழியில்லாதவர்கள் அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு பாகங்களைக் கொண்டு தாங்களே வண்டி கட்டிவந்து ஓட்டினார்கள். அவர்களில் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவர்தன் செய்தது எனக்கு மிகவும் பிடித்த தீர்வு. 1988-ல் அவர் கொண்டுவந்த 'ஃபார்முலா மாருதி' வண்டியில் மாருதி 800-ன் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்தது. மாருதியில் இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே கட்டாக முன்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும். அந்தக் கட்டை அப்படியே பின்னால் கொண்டுபோனால் நீளமான ஷாஃப்ட் வேண்டாம், இணைப்புத் தகடு வேண்டாம், அச்சு முறுக்கிக்கொள்ளும் கவலையும் இல்லை. கியர் கம்பியை நீட்ட வேண்டும். திரும்புவதற்கென்று செய்த சக்கர முட்டுகளைத் திரும்பாமல் கட்ட வேண்டும். எந்த ஊரிலும் உதிரி கிடைக்கும் காரிலிருந்து இளைஞர்களுக்குக் கட்டுப்படியாகும் பந்தய வண்டி பிறந்தது. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியதும் ஃபார்முலா மாருதிதான். கரிவர்தன் 1995-ல் சிறு விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தளத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இப்படிக் கட்டிய வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, உற்பத்தியாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. பந்தயத் தளம்தான் இதற்கான இடம். ஆர்வமுள்ள மாணவர்கள் அதே செட்டிபாளையத்தில் நடக்கும் 'ஃபார்முலா பாரத்' போட்டியைப் போய்ப் பார்க்கலாம். பொறியியல் கல்லூரி அணிகள் மோட்டார் சைக்கிள் இன்ஜினை வைத்துத் தாங்களே கட்டிய வண்டிகளுடன் வருகின்றன. பின்பக்கம் குனிந்து பாருங்கள்: செயின், பெரிய பல்சக்கரம், அதைத் தாங்கும் அலுமினியப் பிடி. அந்தப் பிடியை எங்கே கடைந்தார்கள், செயின் இறுக்கத்தைச் சரிசெய்ய என்ன வழி வைத்தார்கள் என்று கேட்டால், அணியில் யாராவது ஒருவர் நிச்சயம் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு விளக்கத் தொடங்கிவிடுவார்.