நாட்டுக் காய்கறி விதை: கொல்லையிலேயே எடுத்து வைப்பது எப்படி?

பாகூர், வில்லியனூர் கொம்யூன் கிராமங்களில் கொல்லை உள்ளவர்கள் பலர் நாட்டு விதையைத் தேடி வாங்குகிறார்கள். வாங்கி நட்டால் மட்டும் ஒரு ரகம் பிழைத்துவிடாது. விளைந்ததில் விதை எடுத்து அடுத்த பட்டத்துக்குப் போட்டால்தான் அது நம் வீட்டு விதை ஆகும்.

ஹைப்ரிட்டில் விதை எடுத்தால் என்ன?

இரண்டு ரகங்களைச் சேர்த்து உண்டாக்குவது ஹைப்ரிட். அதன் காயில் விதை எடுத்துப் போட்டால் முளைக்கும். ஆனால் செடிக்குச் செடி காய் வேறுபடும். நாட்டு ரகம் அப்படியல்ல. வேறு ரகத்தோடு கலக்காமல் பார்த்துக்கொண்டால் தாய்ச்செடியின் குணம் மாறாது.

எதில் தொடங்கலாம்?

கொத்தவரை, அவரை, தக்காளி மூன்றும் பெரும்பாலும் தன் பூவிலேயே மகரந்தம் சேர்ந்து காய்ப்பவை. புதியவர்களுக்கு இவையே ஏற்றவை. கத்தரியும் வெண்டையும் தேனீயால் ஓரளவு கலக்கும். விதைக்கு வேண்டிய மொட்டுகளை மெல்லிய துணிப்பையால் மூடி, காய் பிடித்ததும் எடுத்துவிட வேண்டும்.

சுரை, பீர்க்கு, பாகல் கொடிகளில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. சுரையும் பீர்க்கும் ஒன்றோடொன்று கலக்காது. குடுவைச் சுரையும் நீட்டுச் சுரையும் கலந்துவிடும். அதனால் ஒரு வகைக்கு ஒரு ரகம் மட்டும் போடுவது எளிது. பக்கத்து வீட்டில் வேறு ரகம் இருந்தால், மலரும் முன்பே இரு பூக்களையும் நூலால் கட்டி, மலரும் வேளையில் ஆண்பூவைப் பெண்பூவில் தடவி, மறுபடி கட்ட வேண்டும்.

மழையைக் கணக்கில் வையுங்கள்

நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. ஆடிப்பட்டத்து வெண்டையில் விதைக்காய் அதற்குள் முற்றாவிட்டால் செடியிலேயே அழுகும். பொழுது குறுகும்போது பூக்கும் நாட்டு அவரைக்கு அந்தக் கவலை குறைவு. ஆடியில் போட்டது மழை ஓய்ந்து தை, மாசி வெயிலில் நெற்றாகும். வெண்டைக்கும் கத்தரிக்கும் தைப்பட்டமே விதைக்கு நல்லது.

எடுக்கும் முறை

நோயில்லாத, நன்றாகக் காய்க்கும் செடிகளை முதலிலேயே அடையாளம் கட்டி வையுங்கள். ஒரே செடியை நம்பாமல் நாலைந்து செடிகளில் எடுங்கள். அவரை, வெண்டை செடியிலேயே காயட்டும். கத்தரிக்காய் மஞ்சளாகப் பழுத்தபின் தண்ணீரில் பிசைந்து, மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்குவதை எடுங்கள். தக்காளி விதையைச் சதையோடு ஒன்றிரண்டு நாள் புளிக்க வைத்துக் கழுவினால் வழவழப்பு போய்விடும்.

நிழலில் நன்றாகக் காயவைத்து, சாம்பல் கலந்து, காற்றுப் புகாத பாட்டிலில் ரகத்தின் பெயரும் மாதமும் எழுதி வையுங்கள். கடலோரக் காற்றின் ஈரம் விதைக்கு ஆகாது. விதைக்கும் முன் ஈரத்துணியில் பத்து விதையை முடிந்து பாருங்கள். ஏழு, எட்டு முளைத்தால் நல்ல விதை.

யாரைக் கேட்கலாம்?

செடியில் நோய் கண்டால் குரும்பாபேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். விதையைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் உழவருக்கு இடம் தருகிறது.

எடுத்த விதையில் ஒரு பிடியைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள். உங்கள் கொல்லையில் செடி பட்டுப்போனாலும் ரகம் ஊரில் இருக்கும்.