வரைவு ஒரு கிளை, வெளியீடு ஒரு கிளை

பள்ளி இணையதளத்தில் கோப்பைத் திருத்தி, அப்படியே சர்வருக்கு நகலெடுப்பதுதான் நம்மில் பலருடைய வழக்கம். இருவர் சேர்ந்து வேலை செய்தால் ஒருவர் திருத்தியதை மற்றவருடைய பழைய கோப்பு அழித்துவிடும். அது தேர்வு அட்டவணைப் பக்கமானால், பெற்றோர் தவறான தேதியை நம்புவார்கள்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய ‘கிட்’ என்ற இலவச மென்பொருள் இதற்கு உதவும். மேல்நிலை வகுப்பில் இதை வினாத்தாளை வைத்து விளக்குவேன். வரைவு வேறு, அச்சுக்குப் போகும் படி வேறு அல்லவா? அதேபோல் ‘வரைவு’ ஒரு கிளை, ‘மெயின்’ ஒரு கிளை. மாணவர்கள் வரைவில் எழுதுவார்கள். சரிபார்த்தபின் ஆசிரியர் மெயினில் இணைப்பார்.

நகலெடுக்கும் வேலையை ‘ஹூக்’ ஏற்கிறது. தூண்டிலில் மீன் பட்டதும் தக்கை அசைவதுபோல, ஒரு நிகழ்வு நடந்ததும் தானாக ஓடும் சிறு நிரல் அது. சர்வரிலுள்ள கிட் களஞ்சியத்தின் ‘ஹூக்ஸ்’ கோப்புறையில் ‘போஸ்ட்-ரிசீவ்’ என்ற பெயரில் அதை வைத்து, இயங்கும் அனுமதி தர வேண்டும். நாம் புஷ் செய்ததும், எந்தக் கிளை மாறியது என்பதை கிட் அந்த நிரலுக்குத் தெரிவிக்கும். மெயின் என்றால் கோப்புகள் பொதுத்தளத்தில் விரியும். வரைவு என்றால் கடவுச்சொல் போட்ட சோதனைத் தளத்தில் விரியும். தலைமையாசிரியர் அங்கே பார்த்துக்கொள்ளலாம். வெளியான பக்கத்தில் பிழை தெரிந்தால் ‘ரிவர்ட்’ செய்து மீண்டும் புஷ் செய்தால் போதும், முந்தைய நிலை திரும்பிவிடும்.

ஆனால் போஸ்ட்-ரிசீவ் எதையும் தடுக்காது; புஷ் ஏற்கப்பட்ட பிறகுதான் அது ஓடும். தடுப்பது ‘ப்ரீ-ரிசீவ்’. நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். மாணவர்களின் கைபேசி எண் பட்டியல் ஒருமுறை களஞ்சியத்தில் நுழைந்துவிட்டால், மறுநாள் கோப்பை நீக்கினாலும் வரலாற்றில் இருந்துகொண்டே இருக்கும். பத்து இலக்க எண் தென்பட்டால் புஷ்ஷைத் திருப்பி அனுப்பும்படி ப்ரீ-ரிசீவில் எழுதிவிடலாம். பள்ளியின் தொடர்பு எண்ணுக்கு மட்டும் விலக்கு தேவை.

களஞ்சியத்தை ‘குளோன்’ செய்தால் ஹூக்குகள் கூடவே வராது. அவற்றைத் தனிக் கோப்புறையில் இட்டு, எங்கே வைக்க வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்து, களஞ்சியத்திலேயே பதிந்து வையுங்கள். நமக்குப் பணிமாறுதல் வந்தால், அடுத்து வருபவர் அதைத்தான் முதலில் தேடுவார்.